வீட்டில் பிரெஞ்சு மட்டும்

செப்டம்பர் 2, திங்கள்

நான் டைரி எழுதுகிற ஆள் இல்லை, பேசித் தீர்க்கிற ஆள். கோவில்பட்டியில் ஒன்பது வருடம் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவள். பாலிசி வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்களிடம் ஜன்னல் வழியாகப் பேசிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இங்கே பேச ஆள் இல்லை என்பதால் இந்த நோட்டு.

ஊர் பேர் கிளெர்மோன்-ஃபெரான். பிரான்சுக்கு நடுவில் இருக்கிறது. எழுத வருகிறது, வாயில் நுழையவில்லை. இவர் வேலை பார்க்கிற டயர் கம்பெனி, இவருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து மூன்று வருடத்துக்கு அனுப்பியிருக்கிறது. வந்து பதினேழு நாள் ஆகிறது. பெரிய தேவாலயம் முழுக்கக் கறுப்புக் கல். எரிமலைக் கல்லாம். முதலில் பார்த்தபோது தீப்பிடித்த கட்டடம் என்று நினைத்தேன்.

இன்று ஆதிரையைப் பள்ளிக்கூடத்தில் விட்டோம். அடுத்த மாதம் நாலு வயது முடிகிறது. சீருடை கிடையாது, சிலேட்டு கிடையாது, ஆனால் "தூதூ" கட்டாயம் என்று எழுதியிருந்தார்கள். பிள்ளை பிறந்ததிலிருந்து கட்டிப்பிடித்துத் தூங்கும் துணிப்பொம்மையாம். என் பிள்ளை பிறந்ததிலிருந்து கட்டிப்பிடித்துத் தூங்குவது என்னைத்தான். என்னை அனுப்ப முடியாது என்பதால் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு முயல் வாங்கினோம். ஆதிரை அதை முன்பின் தெரியாத விருந்தாளி மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 19, வியாழன்

இந்த ஊரில் எதைச் செய்வதற்கு முன்னாலும் போன்ஜூர் சொல்ல வேண்டும். ரொட்டிக்கடையில் நேராக "ஒரு பகெத்" என்று கேட்டேன். கடைக்காரம்மா ரொட்டியைத் தொடவே இல்லை. என் முகத்தைப் பார்த்து "போன்ஜூர்!" என்றார். நான் மறுபடியும் பகெத் என்றேன். அவர் மறுபடியும் போன்ஜூர் என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்தான் எனக்கு ஜாடை காட்டினார். லிஃப்டில் சொல்ல வேண்டும், பஸ் டிரைவருக்குச் சொல்ல வேண்டும், டாக்டர் வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் மொத்தமாகச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் பலசரக்குக் கடையில் போய் வணக்கம் சொன்னால் எலெக்‌ஷனில் நிற்கிறாயா என்று கேட்பார்கள்.

ஆதிரையிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, ரொட்டி கூட போன்ஜூர் சொல்லுமா?" என்று கேட்டாள். வாய் அப்படியே என்னைக் கொண்டிருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பேர் ஓரெலி. முப்பது வயது இருக்கும், நல்ல பெண். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் எங்களையும் உட்கார வைத்தார். முழங்கால் நெஞ்சில் இடித்தது.

பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு மாதமாக ஆதிரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, கூப்பிட்டால் வருகிறாள், வாயைத் திறப்பதில்லை. என் பிள்ளையா? குளிக்கும்போது சோப்புக்கே கதை சொல்கிற பிள்ளையா?

டீச்சர் சொல்லச் சொல்ல இவர் எனக்குச் சொன்னார். வீட்டில் பிரெஞ்சு பேசினால் அவளுக்கு உதவியாக இருக்கும். பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு அம்மாவிடம் காட்டலாம், ஆனால் முன்பதிவு ஏப்ரல் பத்தாம் தேதிக்குத்தான் கிடைக்கிறது. ஜனவரிக்குள் மாற்றம் இல்லை என்றால் ஒரு கோப்பு திறக்க வேண்டியிருக்கும். எதற்குக் கோப்பு என்று கேட்கச் சொன்னேன். பிள்ளையின் வளர்ச்சியில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற கோப்பாம். அதற்கப்புறம் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. டீச்சர் ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒவ்வொன்றுக்கும் "வீ, வீ" என்று தலையாட்டினோம். வீ என்றால் ஆமாம்.

வேறென்ன செய்வது? என்னை ஒண்ணாம் கிளாஸில் சேர்க்கும்போது எங்கள் அப்பா, "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தவர். டீச்சரிடம் எதிர்த்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை.

வெளியே வந்ததும் இவர் சொன்னார். "இன்னையிலேர்ந்து வீட்ல பிரெஞ்சு மட்டும்தான், செம்பா. ஒரு வார்த்தை தமிழ் கூடாது."

"எனக்கு அறுபது வார்த்தைதாங்க தெரியும். அதுல பத்து காய்கறி பேரு."

"அந்த அறுபதை வச்சு ஆரம்பி. அவளை ஊமைன்னு எழுதி வச்சிட்டாங்கன்னா வாழ்க்கை பூரா அந்தக் கோப்பு கூடவே வரும்."

ஊமை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இவர் சொன்னதும் நான் இவருக்கும் தலையாட்டிவிட்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

ஃபிரிட்ஜில் காகிதம் ஒட்டியாகிவிட்டது. "வீட்டில் பிரெஞ்சு மட்டும்." அதைப் பிரெஞ்சில்தான் எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 9, புதன்

இங்கே புதன்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இவர் ஆபீஸ் போய்விட்டார். காலையிலிருந்து நானும் ஆதிரையும்தான். பால், ரொட்டி, வா, உட்கார், கை கழுவு, அழகு, வேண்டாம். இதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. மத்தியானம் அவள் என் மடியில் ஏறி என் வாயைக் கையால் பிரித்து உள்ளே பார்த்தாள். நான் சிரித்தேன். அதற்கு வார்த்தை தேவைப்படவில்லை.

சாப்பாட்டு வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பேசாமல் சமைத்தால் இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று இதுவரை தெரியாது.

அக்டோபர் 15, செவ்வாய்

"அம்மா, தண்ணி" என்றாள். தண்ணீர் கொடுக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. நடுவில் அழுதாள். கடைசியில் "ஓ" என்றாள். பிரெஞ்சில் தண்ணீருக்கு அவ்வளவுதான், ஒரே எழுத்து. உடனே கொடுத்துவிட்டேன். அப்போதுதான் ஆபீஸிலிருந்து உள்ளே வந்த இவர் அதைக் கேட்டுக் கைதட்டினார்.

நவம்பர் 10, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஊரே கடையைச் சாத்திவிடுகிறது. ரொட்டிக்கடை மட்டும் பகல் வரை. தெருவில் ரொட்டியின் முனையைக் கடித்துக்கொண்டே நடக்கிறார்கள். பெரிய மனிதர்கள்கூட, கோட்டு சூட்டோடு. வீடு போய்ச் சேர்வதற்குள் ரொட்டிக்கு மூக்கு இருக்காது.

பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு என் தங்கை உலகுவிடம் போனில் பேசினேன். நாலு டிகிரி குளிர். நாற்பது நிமிடம்.

"மூச்சு விட்டுப் பேசுக்கா, யாரு உன்னத் துரத்துதா?" என்றாள் உலகு.

"நீ சும்மா கேளு. உன் பங்குக்கு அடுத்த வாரம் பேசு."

"பாப்பாகிட்ட குடு, நான் பேசணும்."

"அவ தூங்குதா" என்றேன்.

தூங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கை அழுத்திக்கொண்டு என் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 26, செவ்வாய்

பேசிவிட்டாள்! ஒரு பையன் அவளுடைய பென்சிலை எடுத்திருக்கிறான். "அது என்னோடது" என்று பிரெஞ்சில் கத்தியிருக்கிறாள். வாசலிலேயே டீச்சர் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேசரி செய்தேன். ரவை இங்கே பொடியாகக் கிடைக்கிறது, களி மாதிரி ஆகிவிட்டது, யாரும் குறை சொல்லவில்லை.

டீச்சர் சொன்னது சரிதான். நாங்கள் செய்தது சரிதான்.

டிசம்பர் 13, வெள்ளி

இன்று பள்ளிக்கூட வாசலில் "மமோன்!" என்று ஒரு குரல். நாலைந்து அம்மாக்கள் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை. என் கோட்டைப் பிடித்து இழுத்த பிறகுதான் தெரிந்தது என் பிள்ளை என்று.

ஜனவரி 17, வெள்ளி

கோப்பு திறக்கவில்லை! டீச்சரே சொல்லிவிட்டார். வகுப்பில் இப்போது அவளை நிறுத்தத்தான் முடியவில்லையாம்.

சந்தோஷத்துக்கு இவர் கலெத் வாங்கி வந்தார். ஜனவரி மாதம் முழுக்க இந்த ஊரில் இதைத்தான் தின்கிறார்கள், வட்டமான பாதாம் பணியாரம் மாதிரி ஒன்று. உள்ளே ஒரு குட்டிப் பீங்கான் பொம்மையை ஒளித்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும். யாருக்குப் பொம்மை வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். பல்லைக் காப்பாற்றிக்கொள்வது அவரவர் பொறுப்பு.

ஆதிரை அடியிலிருந்து ஏதோ சொன்னாள், இவர் சிரித்தார். பதிலுக்கு இவர் ஏதோ சொன்னார், அவள் இன்னும் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. பொம்மை எனக்கு வந்தது. கிரீடத்தை வைத்துவிட்டு நீளமாக ஒரு கேள்வி கேட்டாள். நான் "வீ" என்றேன். அது ஆமாம் சொல்கிற கேள்வி இல்லை போலிருக்கிறது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

பிப்ரவரி 12, புதன்

ரொட்டிக்கடையில் இனி நான் பேச வேண்டியதில்லை. ஆதிரையே கேட்டு வாங்குகிறாள். நான் வாயைத் திறந்தால் என் கையை இழுத்து, மெதுவாகத் திருத்திச் சொல்லிக் கொடுக்கிறாள். கடைக்காரம்மா அவள் கன்னத்தைத் தட்டி என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பாராட்டுத்தான், முகத்தைப் பார்த்தால் தெரியாதா.

மார்ச் 6, வியாழன்

காய்ச்சல். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். நூற்றிரண்டு. ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இவர் ஆபீஸில்.

என்ன செய்யுது கண்ணு, எங்க வலிக்குது, அம்மா இருக்கேன்ல, சரியாப் போயிரும்டா தங்கம். எல்லாம் தொண்டை வரை வந்தது. வீட்டில் யாரும் இல்லை, பேசியிருக்கலாம். ஃபிரிட்ஜா போய் இவரிடம் சொல்லப் போகிறது? பயம். ஒரு வார்த்தை வெளியே விட்டால் இத்தனை மாதம் கட்டியது சரிந்து, அவள் மறுபடியும் வாயை மூடிக்கொண்டால்?

"சா வா?" என்றேன். நன்றாக இருக்கிறாயா என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டுக்கொள்வார்களே, அது. "நோன்" என்றாள். இல்லை. அதற்கு மேல் கேட்க எனக்கு வார்த்தை தெரியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

அக்டோபரில் பதிவு செய்தது இன்று வந்தது. இப்போதுதான் பேசுகிறாளே, எதற்கு என்றேன். பதிவை ரத்து செய்வது மரியாதை இல்லை என்று இவர் கூட்டிப் போனார். அந்த அம்மா பேர் மதாம் வெர்னே. நரைத்த முடி, காலில் விளையாட்டு ஷூ.

ஆதிரையோடு அரைமணி நேரம் விளையாடினார். பிறகு அவளிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்றார். புது ஊரில் புது மொழி காதில் விழும்போது சில பிள்ளைகள் சில மாதம் சும்மா கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பிறகு தானாகப் பேசுவார்கள் என்றார். "வீட்டில் அம்மா என்ன மொழி பேசுகிறார்?" என்று கேட்டார்.

இவர் பெருமையாகச் சொன்னார், ஆறு மாதமாகப் பிரெஞ்சு மட்டும் என்று.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

"கொஞ்சம்."

"பிறகு எந்த மொழியில் இவளோடு பேசினீர்கள்?"

நான் இவரைப் பார்த்தேன். டீச்சர் சொன்னார் என்று இவர் சொன்னார். "டீச்சர் சொன்னால்?" என்றார் அந்த அம்மா. கோபம் இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். "இங்கே பெற்றோர்கள் எதற்கும் முதலில் முடியாது என்பார்கள். அப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும். நீங்கள் மறுத்துப் பேசவே இல்லையா?"

அடுத்துக் கேட்டார், குழந்தை தமிழில் பேசியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. இதை இவர் எனக்கு மெதுவாகச் சொன்னார். இவருக்கும் இதுவரை தெரியாது.

"புரியாத மாதிரி இருந்தேன்" என்றேன். "பசிக்குதுன்னா, புரியாத மாதிரி. தூக்குன்னா, புரியாத மாதிரி. பிரெஞ்சுல சொல்ற வரைக்கும் அவ முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். பத்து நாள் அப்படி இருந்தேன். அப்புறம் அவ தமிழ்ல கேக்கிறதையே விட்டுட்டா."

இவர் மூக்கைச் சிந்திவிட்டுத்தான் அதை மொழிபெயர்த்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

வாசலில் டீச்சரைப் பார்த்து இவர் கேட்டார். ஓரெலிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "வீட்டில் கொஞ்சம் பிரெஞ்சும் பேசுங்கள் என்றுதான் சொன்னேன். அதுவும் ஒரு யோசனைதான். நீங்கள் உங்கள் கருத்தைச் சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திக் காத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் சரி என்றீர்கள். சம்மதம் என்று நினைத்தேன்."

யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு ஒரு ஆள் அகப்பட்டால்கூட நன்றாக இருக்கும்.

ஏப்ரல் 12, சனி

ஃபிரிட்ஜில் இருந்த காகிதத்தை இவரே கிழித்தார். காலையில் ஆதிரையைத் தூக்கி மடியில் வைத்து, "என் ராசாத்தி, அம்மா உன்கூட இனிமே நம்ம பேச்சுலயே பேசுவேன், என்ன?" என்றேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வசந்த விடுமுறை. பதினேழு நாளாக விடாமல் பேசுகிறேன். சோறு ஊட்டும்போது, தலை வாரும்போது, பூங்காவில் ஊஞ்சல் ஆட்டும்போது. மதாம் வெர்னே பொறுமையாக இருங்கள், உள்ளே இருக்கும், வரும் என்கிறார். எப்போது என்று கேட்டால் தோளை உயர்த்தி உதட்டைப் பிதுக்குகிறார். இந்த ஊரில் டாக்டரிலிருந்து பிளம்பர் வரை இதைத்தான் செய்கிறார்கள்.

சில வார்த்தை அவளுக்குப் புரிகிறது, கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் புரியாத மாதிரி இருக்கிறாள். யாரிடம் படித்தாள் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மே 8, வியாழன்

போர் முடிந்த நாள் என்று இன்று விடுமுறை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். "ஓ, மமோன்" என்று பொறுமையாகத் திருத்தினாள்.

மே 25, ஞாயிறு

இந்த ஊரில் மே மாதக் கடைசி ஞாயிறு அம்மாக்களின் நாள். பள்ளிக்கூடத்திலேயே எல்லாப் பிள்ளைகளும் கார்டு செய்கிறார்கள். வெள்ளிக்கிழமையே பையில் வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தாள், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அந்தப் பக்கம் பெருக்காமல் விட்டிருந்தேன்.

காலையில் காபி குடிக்கும்போது எடுத்து வந்தாள். முதலில் நாலு வரிப் பாட்டு, கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். பிறகு கார்டு. "என் அம்மா" என்று தலைப்பு, கீழே அச்சடித்த கேள்விகள். பிள்ளை சொல்லச் சொல்ல, சொன்னது சொன்னபடி டீச்சர் பக்கத்தில் எழுத வேண்டும், அதுதான் வழக்கமாம். இவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார்.

அம்மாவின் தலைமுடி: நீளம், கறுப்பு, எண்ணெய் வாசம். அம்மாவின் வயது: நூறு. அம்மா நன்றாகச் செய்வது: வெள்ளையான வட்டக் கேக். இட்லியைச் சொல்கிறாள், சிரித்தேன். அம்மாவுக்குப் பிடித்தது: ஜன்னலில் நிற்பது.

அடுத்த வரியை இவர் படிக்கவில்லை. அதற்கடுத்ததற்குப் போனார்.

கார்டை வாங்கிக்கொண்டேன். இத்தனை மாதத்தில் பேச வராவிட்டாலும் படிக்க வந்திருக்கிறது. "அம்மா எப்போதும் சொல்வது" என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஓரெலியின் உருண்டைக் கையெழுத்து.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மாவுக்கு இன்னும் பேச வராது. ஆனா அம்மா ரொம்பச் சமத்து."

ஆதிரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிடித்திருக்கிறதா என்று. நான் பேசினேன். தமிழில்தான், எனக்கு வேறு எதில் வரும்? யாருடி சொன்னா எனக்குப் பேச வராதுன்னு, உன் வாயே நான் கொடுத்த வாய்டி, நீ வயித்துல இருக்கும்போதே உன்கூடப் பேசினவடி, உனக்கு வந்த பேச்சை நானே அடைச்சேனே பாவி, என்னை மன்னிச்சிரு தங்கம், காய்ச்சல்ல கிடந்தப்பகூட உன்னை ஒரு வார்த்தை கேக்கலையே என்று. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. காபி ஆறிவிட்டது.

முடியும் வரை அவள் கேட்டாள். நடுவில் குறுக்கிடவில்லை, நல்ல பிள்ளை. முடிந்ததும் அப்பா பக்கம் திரும்பி, அம்மா என்ன சொன்னாங்க என்று பிரெஞ்சில் கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு அவள் காதருகில் குனிந்து ஒரே ஒரு வரி சொன்னார். எனக்கே புரிகிற பிரெஞ்சுதான். கார்டு ரொம்ப அழகாக இருக்கிறதாம், அம்மா சொல்கிறார்களாம்.

ஆதிரைக்கு ஒரே சந்தோஷம். பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்களுக்குக் கொடுக்கிற மாதிரி என் வலது கன்னத்தில் ஒன்று, இடது கன்னத்தில் ஒன்று முத்தம் கொடுத்துவிட்டு விளையாடப் போனாள்.